12 லட்சம் வரை வரி இல்லைதான், ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள்

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த வருமான வரி மாற்றம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பொருந்துகிறது. சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் சிக்கல் வருவது பேங்க் வட்டியில்.

புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பழைய முறையில் உள்ள பெரும்பாலான விலக்குகள் இதில் இல்லை) 4 லட்சத்துக்கு மேலேயே ஸ்லாப்படி, அதாவது வருமானப் படிநிலைப்படி, வரி உண்டு. 12 லட்சத்துக்கு அது 60,000 ரூபாய். அந்த 60,000-ஐத்தான் 87ஏ பிரிவில் தள்ளுபடி செய்கிறார்கள். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு மட்டும், தாண்டிய தொகையை விட வரி அதிகமாகாமல் ஒரு நிவாரணம் உண்டு.

சம்பளம் சரியாக 12.75 லட்சம், எஃப்.டி. வட்டி 20,000 என்று வையுங்கள். சம்பளக்காரர்களுக்குத் தானாகவே கிடைக்கும் 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக வரிக்குரிய வருமானம் 12.20 லட்சம். ஸ்லாப்படி 63,000. நிவாரணத்தால் 20,000 ஆகிறது, வரிக்கு மேல் 4% செஸ் சேர்த்து 20,800. வட்டி முழுக்க வரிக்கே போய், மேலே கைக்காசு 800 போட வேண்டும். வரிக்குரிய வருமானம் ஏறக்குறைய 12.70 லட்சம் ஆகும் வரை இதே நிலைமைதான். 20,000 வட்டிக்கு பேங்க் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடிக்காது, அதனால் யாருக்கும் உறைக்காது. ஆனால் வரித்துறை உங்களைப் பற்றி வைத்திருக்கும் வருடத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.-இல் அந்த வட்டி நிற்கும், ரிட்டர்னில் விட்டால் நோட்டீஸ் வரலாம்.

இதற்கு நேர்மையான வழி இருக்கிறது. கம்பெனி உங்கள் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை, புதிய முறையிலும் விலக்கு உண்டு. அடிப்படை 5 லட்சம் என்றால் 70,000. சம்பளத் தொகையை மாற்றாமல் அதற்குள்ளேயே இப்படிப் பிரித்துத் தரும்படி ஹெச்.ஆரிடம் ஏப்ரலிலேயே கேளுங்கள். மேலே சொன்ன 12.20 லட்சம் 11.50 லட்சமாகி, வரி பூஜ்யம். பி.பி.எஃப். வட்டிக்கும் வரி இல்லை. மனைவி பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வேறு வருமானம் இல்லாத அம்மா அப்பாவுக்குக் கொடுத்தால் சேராது. ஆனால் கொடுத்த பணம் அவர்களுடையது, அந்தத் தெளிவோடு கொடுங்கள்.

ஷேர் லாபத்துக்குத் தள்ளுபடி பொருந்தாது. சம்பளம் கழிவு போக 10 லட்சம், குறுகிய கால லாபம் 1 லட்சம் என்றால், மொத்தம் 11 லட்சம்தான் என்றாலும் அந்த லாபத்துக்கு 20%, செஸ்ஸோடு 20,800 கட்டியாக வேண்டும்.

சம்பளம் அதிகமுள்ளவர்கள் பழைய முறையைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடக் கூடாது. 16 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் 1,13,100. பழைய முறையில் 80சி பிரிவில் சேமிப்புக்கு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு பெற்றோருடையதும் சேர்த்து 75,000, சென்னையில் மாதம் 25,000 வாடகைக்கு ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) விலக்கு 2.2 லட்சம் (அடிப்படை 8 லட்சம் என்றால்), எல்லாம் காட்டினாலும் 1,49,760. சொந்த ஊரில் கட்டிய வீட்டின் கடன் வட்டி 2 லட்சமும் இருந்தால்தான் 97,240-க்கு இறங்குகிறது. இந்தக் கணக்கில் வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்து சுமக்கும் குடும்பத்துக்கு மட்டுமே பழையது லாபம். 80சி வரம்பை 2014-இல் வைத்த இடத்திலேயே விட்டிருப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. சேமிக்கும் குடும்பத்துக்கு அது அநியாயம்.

புதிய முறையில் விலக்கு இல்லை என்பதற்காக டேர்ம் பாலிசியையும் மெடிக்கல் பாலிசியையும் நிறுத்திவிடாதீர்கள். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

ஆபீசில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும் சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதி தாண்டிப் போட்டால் பழைய முறை கிடைக்காது, வீட்டுக் கடன் வட்டி இருந்தும் பயனில்லை. வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் ஆபீசில் கேட்பார்கள். அதை இப்போதே வாங்கி வையுங்கள்.