படகில் குடியிருப்பவரிடம் வாரண்ட் காட்ட வேண்டுமா, வேண்டாமா?

2009ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ரிவியரா பீச் என்ற நகர நிர்வாகம் ஒரு வழக்குப் போட்டது. பிரதிவாதி மனிதர் இல்லை, ஒரு மிதக்கும் வீடு. அதில் குடியிருந்தவர் ஃபேன் லோஸ்மன். கடல்சார் சட்டத்தில் இப்படி ஒரு வழி உண்டு: கட்டணம் பாக்கி வைத்த கப்பலின் மேலேயே வழக்குப் போடலாம், கப்பலையே கைது செய்யலாம், ஏலமும் விடலாம். பாக்கியைக் கொடுக்காமல் கப்பல் இரவோடு இரவாகத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் முதலாளியை எந்த நாட்டில் போய்த் தேடுவது? அதற்காக வந்த ஏற்பாடு.

லோஸ்மனின் வீடு எங்கேயும் ஓடிப் போகிற ரகம் இல்லை. ஒட்டுப்பலகையில் செய்த, 60 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட பெட்டி. எஞ்சின் கிடையாது, சுக்கான் கிடையாது, மூன்று பக்கம் கண்ணாடிக் கதவுகள். வேறொரு படகு கட்டி இழுத்தால்தான் நகரும். நகரத்தின் கடலோர மறுவளர்ச்சித் திட்டத்தை அவர் எதிர்த்துக்கொண்டிருந்தார். அவரை வெளியேற்ற நகரம் முதலில் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போனது. இது பழிவாங்கும் நடவடிக்கை என்று ஜூரி சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம்தான் அந்த வீடு திடீரென்று 'கப்பல்' ஆகி, கடல்சார் வழக்காக மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. கீழ் நீதிமன்றங்கள் தலையாட்டின. ஏலத்தில் நகரமே அதை வாங்கி உடைத்துப் போட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் லோஸ்மன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியாயமாகப் பார்க்கிற ஒருவர் இதை ஆட்களையோ பொருட்களையோ தண்ணீரில் ஏற்றிச் செல்லச் செய்தது என்று நினைக்கமாட்டார், எனவே இது கப்பல் இல்லை என்றது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கிற அளவுக்கு முக்கியமான தீர்ப்பு. ஆனால் திருப்பிக் கொடுக்க வீடுதான் இல்லை.

படகில் குடியிருப்பவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடக்கிற சண்டைகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். நாடு மாறுகிறது, சட்டம் மாறுகிறது, ஆனால் ஒரு விஷயம் மாறவே இல்லை. படகை வீடாக நடத்துவதா, வாகனமாக நடத்துவதா என்று முடிவு செய்கிற உரிமை எப்போதும் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. உள்ளே ஏறிச் சோதிக்க வேண்டுமென்றால் அது வாகனம். இழுத்துப்போக வேண்டுமென்றாலும் வாகனம். கரையோரம் கட்டி வைத்து அதில் தூங்கினால் மட்டும், 'இங்கே குடியிருக்க அனுமதி இல்லை' என்று அது வீடாகிவிடும். உள்ளே இருப்பவருக்கு இரண்டில் எதன் பாதுகாப்பும் முழுசாகக் கிடைப்பதில்லை.

சோதனை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைய வாரண்ட் வேண்டும். கார் என்றால் வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம், ஆனால் நியாயமான காரணம் வேண்டும். படகு இந்த இரண்டுக்கும் கீழே இருக்கிறது. 1980ல் லூசியானாவில் கப்பல்கள் போகும் ஒரு கால்வாயில் 40 அடிப் பாய்மரப் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போக, அதன் அலையில் படகு பலமாக ஆடியது. சுங்க அதிகாரியும் மாநிலப் போலீஸ்காரரும் நெருங்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். படகில் இருந்தவர் தோளைக் குலுக்கினார். அவர்கள் ஏறினார்கள், ஆவணங்களைக் கேட்டார்கள், கஞ்சா வாசனை வந்தது, மூட்டைகள் கிடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துளி சந்தேகம் இல்லாவிட்டாலும், ஆவணம் பார்ப்பதற்காக அதிகாரிகள் படகில் ஏறலாம் என்று 1983ல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்புக்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, 1790ல் அமெரிக்காவின் முதல் நாடாளுமன்றமே (அங்கே அதன் பெயர் காங்கிரஸ்) இந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. இரண்டாவது, சாலையில் சோதனைச் சாவடி வைக்கலாம், திறந்த நீர்ப்பரப்பில் எங்கே வைப்பது? இரண்டாவது காரணத்தில் விஷயம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற படகுக்கு அது பொருந்தும். ஆனால் ஆறு மாதமாக ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிற படகுக்கு? அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை. கடத்தல்காரரின் வழக்கில் எழுதிய விதி குடும்பத்துக்கும் சேர்த்து வந்துவிட்டது. படுக்கை அறை போன்ற தனி இடங்களைத் துழாவ வேண்டுமானால் கூடுதல் காரணம் வேண்டும் என்று சில கீழ் நீதிமன்றங்கள் பிற்பாடு சொல்லியிருக்கின்றன. சரி, ஆனால் மேல்தளத்தில் பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகு, எது தனி இடம் எது பொது இடம் என்று துப்பாக்கி வைத்திருப்பவரோடு யார் வாதாடுவது? பன்னிரண்டு அடி அகலத்தில் சமையலறையும் படுக்கையும் ஒன்றுதான்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025ல் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டது. உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் மாநில அதிகாரிகள் இனி எந்தப் படகையும் நிறுத்தி ஏற முடியாது, தகுந்த காரணம் வேண்டும். இத்தனை காலம் 'பாதுகாப்புச் சோதனை' என்ற பெயரில் நடந்ததெல்லாம் பாதுகாப்புக்காகத்தானா என்ற சந்தேகம் சட்டமன்றத்துக்கே வந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் மத்திய அரசின் கடலோரக் காவல் படையை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவர்கள் பழையபடி ஏறலாம்.

அடுத்து இங்கிலாந்து. அங்கே போலீஸ் அவ்வளவாகக் காட்சிக்கு வருவதில்லை, கடிதம்தான் வரும். எனக்கென்னவோ கடிதம் இன்னும் மோசம் என்று தோன்றுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதற்கு முன்னால் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பு இருந்தது. 1995ல் வந்த சட்டப்படி, படகை நிறுத்தச் சொந்த இடம் காட்ட முடியாதவரும் உரிமம் வாங்கலாம். ஒரு நிபந்தனை: படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. சூழ்நிலை நியாயமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், 'ஓர் இடம்' என்றால் எவ்வளவு தூரம் என்று சட்டம் சொல்லவில்லை. நூறு மீட்டர் நகர்ந்தால் வேறு இடமா? அடுத்த பாலமா, அடுத்த ஊரா? எத்தனை மைல் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிர்வாகம் தன் வழிகாட்டிக் குறிப்புகளால் நிரப்புகிறது. உரிம காலத்தில் மொத்தமாக 20 மைல் பரப்புக்குள்ளேயே சுற்றினால் போதாமல் போகலாம் என்கிறது. சட்டத்தில் இல்லாத எண் இது. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதுதான் அளவுகோல். போதுமான அளவு நகரவில்லை என்றால் ஆறு மாத உரிமம், பிறகு எச்சரிக்கை, பிறகு 28 நாள் அவகாசத்தோடு அகற்றும் நோட்டீஸ்.

இப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிற ஒரு படகை யோசித்துப் பாருங்கள். பள்ளி ஓரிடத்தில் இருக்கிறது. வேலையும் ஓரிடத்தில் இருக்கிறது. படகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நகர வேண்டும், ஒரே பகுதியில் முன்னும் பின்னும் போனால் 'பயணம்' ஆகாது. வாடகை கட்ட முடியாமல் படகுக்கு வந்தவர் வேலையை விட்டால்தான் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்ற முடியும். நோயாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நகரும் தூரத்தைக் குறைத்துக்கொடுக்க வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உடல்நிலையை ஒரு கால்வாய் அலுவலகத்திடம் நிரூபித்துக் காட்டித் தன் வீட்டில் இருக்க வேண்டிய நிலைமை வேறு யாருக்கு இருக்கிறது?

வாடகைக்குப் படகு எடுத்தவர் நிலை இன்னும் விசேஷம். லண்டனில் வாடகைப் படகு ஒன்றில் குடியிருந்தவர், வீட்டு வாடகைதாரருக்கு இருக்கிற பாதுகாப்பு தனக்கும் உண்டு என்று வாதாடினார். படகு நிலத்தின் பகுதி இல்லை, அவிழ்த்து எடுத்துப்போகக்கூடிய பொருள், எனவே வீட்டுச் சட்டம் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ல் சொல்லிவிட்டது. அதே நாட்டில் 1996ல் வந்த வீட்டுவசதிச் சட்டம் இன்னொன்று சொல்கிறது: குடியிருக்கும் படகை வைத்து அதில் வாழ அனுமதிக்கப்பட்ட இடம் எதுவும் இல்லையென்றால் அவர் வீடற்றவர். அதாவது அடுப்பும் கட்டிலும் புத்தக அலமாரியும் உள்ள சொந்தப் படகில் உட்கார்ந்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் தெருவில் நிற்கிறார். இது அவருக்கு உதவி கிடைக்கச் செய்த நல்ல விதிதான். ஆனால் உதவி என்று வருவது பெரும்பாலும் எங்கோ ஒரு தற்காலிக அறை. படகுக்கு ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். உள்ளாட்சிகள் தங்கள் பகுதியில் குடியிருப்புப் படகுகளை நிறுத்த இடம் எவ்வளவு தேவை என்று கணக்கில் எடுக்க வேண்டும் என 2016ல் சட்டம் வந்தது. கணக்கில் எடுப்பது வேறு, இடம் ஒதுக்குவது வேறு.

கரையில் இருப்பவர்களின் புகார்களையும் சொல்லியாக வேண்டும், அவையெல்லாம் பொறாமையில் வருபவை இல்லை. சான்பிரான்சிஸ்கோ அருகே ரிச்சர்ட்சன் பே என்ற விரிகுடாவில் பல பத்தாண்டுகளாக மக்கள் நங்கூரம் போட்டு வாழ்ந்தார்கள். 72 மணி நேரம்தான் நிற்கலாம் என்ற விதி காகிதத்தில் இருந்தது. அடியில் கடற்புல் படுகை. ஹெர்ரிங் மீன் முட்டையிடும் இடம். காற்றுக்குப் படகு சுழலும்போது நங்கூரச் சங்கிலி அந்தப் புல்லை வட்டம் வட்டமாகச் சிரைத்துவிடுகிறது. புயலில் சங்கிலி அறுந்த படகு அடுத்தவர் படகில் மோதுகிறது. மூழ்கினால் டீசலும் பேட்டரியும் கடலுக்குள், தூக்கி எடுக்கிற செலவு ஊர்ப் பணத்தில். கழிவுநீர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அங்கே பல ஆண்டுகள் நடந்தது பறிமுதல்தான். படகை இழுத்துப்போய் நொறுக்கினார்கள், வழக்குகள் வந்தன, கரையில் கூடாரங்கள் முளைத்தன. பிறகு 2021ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, குடியிருப்புப் படகுகள் எல்லாம் 2026 அக்டோபர் 15க்குள் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கூடவே, படகை ஒப்படைப்பவருக்கு நீளத்தைக் கணக்கிட்டுப் பணமும், கரையில் வீடு பார்க்க வாடகை உதவியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். நங்கூர வாழ்க்கையையே ஒழிக்கிற திட்டம் இது, எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வருடங்கள் அவகாசமும் மாற்று வீடும் கொடுத்து அனுப்புவதும், காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் வந்து பார்க்கும்போது படகு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

கைவிட்ட படகுக்கும் ஆள் வாழும் படகுக்கும் ஒரே விதியை வைப்பதுதான் பாதித் தகராறுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆளில்லாமல் மூழ்கப்போகும் படகை நாளையே தூக்குங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. உள்ளே ஆள் இருந்தால் முதலில் நீதிபதி பார்க்கட்டும். அலுவலகத்துக் கையெழுத்து போதாது.

ஹாங்காங்கில் நடந்தது இதைவிடக் கொடுமை. யாவ் மா டெய் என்ற புயல் ஒதுங்குமிடத்தில் ஏராளமான குடும்பங்கள் ஓட்டைப் படகுகளில் வாழ்ந்தன, குழந்தைகள் தண்ணீரில் விழுந்து இறந்தார்கள். கரையில் அரசு வீடு கேட்டு, 1979 ஜனவரியில் இரண்டு பேருந்துகளில் ஆளுநரிடம் மனு கொடுக்கக் கிளம்பினார்கள். சுரங்கப் பாதையிலேயே போலீஸ் மறித்து, ஆதரவாளர்களையும் சேர்த்து 76 பேரைக் கைது செய்தது. சட்டவிரோதக் கூட்டமாம். இதில் எனக்கு மறக்காமல் நிற்பது 'படகு மணப்பெண்கள்' கதை. சீன நிலப்பகுதியிலிருந்து மீனவர்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் அவர்கள். ஹாங்காங்கில் வாழ ஆவணம் இல்லை. படகில் இருக்கும்வரை பெரிதாகக் கேள்வி இல்லை, குடும்பம் கரைக்குக் குடியேறினால் அவர்களை நாடு கடத்தலாம். 'கரையில் வீடு கொடுத்தால் போயேன்' என்று படகுக்காரர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் இதையும் ஒரு முறை யோசிக்கலாம்.

முகவரி இல்லாத சங்கடங்கள் தனி. வங்கி, மருத்துவர், ஓட்டு எல்லாவற்றுக்கும் ஒரு தெருப் பெயர் கேட்பார்கள். இங்கிலாந்தில் வீடற்றவர்களுக்கு இருக்கிற, 'இந்தப் பகுதியோடு எனக்குத் தொடர்பு உண்டு' என்ற உறுதிமொழியை வைத்துப் படகுக்காரர்களும் வாக்காளர் பட்டியலில் சேரலாம். ஆனால் நீதிமன்ற நோட்டீஸ் எங்கே வரும்? கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். மழையில் கிழிந்தால் கிழிந்ததுதான்.

எனக்குத் தேவையாகத் தெரிவது பெரிய சட்டம் எதுவும் இல்லை. நிற்கிற படகின் உள்ளறைக்கு வீட்டுக் கதவின் மதிப்பு. அவசரம் இல்லாவிட்டால் வாரண்ட். நகர வேண்டும் என்றால் எத்தனை நாளில் எத்தனை மைல் என்று சட்டத்திலேயே எழுதிய எண். விதியில் இடைவெளி இருந்தால் அதன் பலன் படகுக்காரருக்குப் போக வேண்டும். 2013ல் லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் பகுதி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: கட்டி வைக்கத் தடை எதுவும் இல்லாதபோது, படகுக்காரர் தனக்கு உரிமை இருப்பதை நிரூபிக்கத் தேவையில்லை.

'வரி, வாடகை எதுவும் இல்லாமல் ஓசியில் இருக்கிறார்கள்' என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கால்வாயில் மிதக்க உரிமக் கட்டணம், காப்பீடு, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் கட்டாயம். அதற்கு மேல், நிறுத்துமிடம் இல்லாமல் நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் தனியாக 5 சதவீதம் கூடுதல் கட்டணம், அது படிப்படியாக ஏறி 2028ல் 25 சதவீதம் ஆகும். நிற்க இடம் இல்லை என்பதற்காகவே அதிகம் கட்டுகிறவர்களை ஓசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.