அந்த 90 சதவீதத்தை இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தால், மறுநாள் காலை ஊரிலிருந்து நண்பர்கள் தவறாமல் ஒரு கேள்வி அனுப்புகிறார்கள். "90 சதவீதம் பேர் கட்டுப்பாடு வேண்டும் என்கிறார்களாமே, பிறகு ஏன் ஒன்றும் நடக்கவில்லை?" இங்கே வந்த புதிதில் நானும் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். இரண்டு கட்சிக்காரர்களோடும் ஒரே மேசையில் பல வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு, அந்த எண்ணின் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது.

எண் பொய் என்று சொல்லவில்லை. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூட்டவுனில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் எடுத்த கணிப்புகளில், துப்பாக்கி வாங்குகிற எல்லோருக்கும், குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். 2013 ஏப்ரலில் அதற்கான திருத்தம் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சினும் பென்சில்வேனியாவின் பாட் டூமியும், கட்சிக்கு ஒருவர். இருவருமே என்ஆர்ஏ எனப்படும் தேசிய ரைஃபிள் சங்கத்திடம் அதுவரை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தவர்கள். 54 பேர் ஆதரித்தார்கள், 46 பேர் எதிர்த்தார்கள். 60 வாக்குகள் தேவை என்பது செனட்டின் மரபு. திருத்தம் தோற்றது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். என்ஆர்ஏ கொடுக்கும் பணம். 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டே செனட்டர்கள் என்ற கணக்கு. இரண்டும் உண்மை. ஆனால் செனட்டே குறுக்கே வராத இடத்தில் என்ன நடந்தது?

2016 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில் இதே பின்னணிச் சோதனை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நடுவில் தரகர் யாருமில்லை. வாக்குச்சீட்டில் கேள்வி, பக்கத்தில் ஆம் அல்லது இல்லை. ஆம் என்றவர்கள் சுமார் 48 சதவீதம், இல்லை என்றவர்கள் 52. அதே நாளில் நெவாடாவிலும் வாக்கெடுப்பு நடந்தது. அங்கே ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில் தப்பிப் பிழைத்தது. தொலைபேசியில் தொண்ணூறாக இருந்த ஆதரவு வாக்குச்சாவடிக்கு வருவதற்குள் பாதியாகிவிட்டது.

என் அலுவலகத்தில் மெய்னின் வடபகுதிக்காரர் ஒருவர் இருக்கிறார். நவம்பர் வந்தால் மான் வேட்டைக்கு ஒரு வாரம் விடுப்பு எடுப்பார். திரும்பி வரும்போது உறைந்த இறைச்சிப் பொட்டலங்களை எல்லோருக்கும் கொடுப்பார் (சைவம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கும் ஒன்று உண்டு). அந்த வாக்கெடுப்பின்போது அவர் அங்கேதான் வசித்தார். ஏன் இல்லை என்று போட்டீர்கள் என்று கேட்டேன். "கிறுக்கன் கையில் துப்பாக்கி போகலாமா என்று போனில் கேட்டால் யாராவது போகட்டும் என்பார்களா? நானும் கூடாது என்றுதான் சொல்வேன். வாக்குச்சீட்டில் கேட்டது வேறு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் துப்பாக்கியை இரவல் கொடுத்தால் நான் குற்றவாளியா என்று கேட்டார்கள்." வேட்டைக்கும் குடும்பத்தாருக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்ததே என்றேன். "அதை எழுதியது நியூயார்க் கோடீஸ்வரன்" என்று முடித்துக்கொண்டார். நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் ஆதரவு பெற்ற அமைப்பு அந்தப் பிரசாரத்தில் பணத்தைக் கொட்டியது உண்மை. மெய்ன்காரர்களுக்கு வெளியூர்ப் பணம் என்றால் ஆகாது.

சரி, கிராமப்புற வெள்ளையர்கள், வேட்டைக்காரர்கள், பழமைவாதிகள், அப்படித்தான் வாக்களிப்பார்கள் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அதே மெய்ன் மறு வருடமே, 2017 நவம்பரில், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கச் சொல்லி 59 சதவீத வாக்கோடு தீர்ப்பளித்தது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரின் அந்தப் பகுதியை மக்கள் வாக்கெடுப்பால் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுதான். அன்றைய ஆளுநர் பால் லெபாஜ் அதை ஐந்து முறை வீட்டோ செய்திருந்தார். மக்கள் சொன்ன பிறகும், சிறைக்குப் போனாலும் போவேனே தவிர நிதியில்லாமல் இதை நடைமுறைப்படுத்த மாட்டேன் என்று அடம்பிடித்தார். 2019 ஜனவரியில் பதவிக்கு வந்த ஜேனட் மில்ஸ் முதல் நாளே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மெய்னைப் பார்த்து ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசௌரி, தெற்கு டகோட்டா என்று டிரம்ப் வென்ற மாநிலங்கள் வரிசையாக மக்கள் வாக்கெடுப்பால் அதையே செய்தன. நம் மான் வேட்டைக்காரரும் அதற்கு ஆம் என்றுதான் போட்டிருக்கிறார். "அது வேறு விஷயம். என் மைத்துனன் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். காப்பீடு கிடையாது."

இந்த மைத்துனனைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். மருத்துவச் சட்டத்தால் பயன்பெறுபவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பர்ஸில் ஒரு காப்பீட்டு அட்டை இருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தால் பயன்பெறுபவர் யார்? அடுத்த செவ்வாய்க்கிழமை சுடப்பட்டிருக்க வேண்டியவர், சுடப்படவில்லை. தான் காப்பாற்றப்பட்டது அவருக்கே தெரியாது. அவர் எப்படிச் சட்டத்துக்காக ஊர்வலம் போவார்? மறுபக்கம், துப்பாக்கி வைத்திருப்பவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. தான் எதை இழக்கப்போகிறோம் என்பது அவனுக்கு எடை உட்பட தெரியும்.

இரண்டு சட்டங்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1994இல் கிளிண்டன் காலத்தில், ராணுவத் துப்பாக்கிகளைப் போன்ற தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. அந்த நவம்பரிலேயே ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தொகுதியில் தோற்றார். 2010 மார்ச்சில் ஒபாமாகேர் சட்டமானது. அந்த நவம்பரில் அதே கட்சி 63 இடங்களை இழந்தது. இதுவரை இரட்டைப் பிறவிகள் போலத்தான் இருக்கின்றன. அதன் பிறகு பாதை பிரிகிறது. துப்பாக்கித் தடை 10 ஆண்டுக் கெடு முடிந்து 2004 செப்டம்பரில் காலாவதியானபோது பெரிதாக ஒரு சத்தமும் எழவில்லை. 2017இல் குடியரசுக் கட்சியினர் ஒபாமாகேரை நீக்கக் கிளம்பியபோதோ, சக்கர நாற்காலியில் வந்தவர்கள் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் அலுவலக வாசலில் படுத்துவிட்டார்கள். காவலர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிப் போகும்போதும் அவர்கள் மெடிக்கெய்டில் கைவைக்காதே என்று கத்திக்கொண்டே போனார்கள். ஜூலை 28 அதிகாலை அதே குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டி அந்த மசோதாவைக் கவிழ்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது அந்த நாற்காலிகள்தான். அதுவரை பல வருடம் ஒபாமாகேருக்கு எதிர்ப்பே அதிகமாக இருந்தது. பறிபோகும் என்று தெரிந்த வருடத்தில்தான் ஆதரவு எதிர்ப்பை மிஞ்சியது.

ஆனால் இதே குணம் மருத்துவச் சீர்திருத்தத்தையும் ஓர் எல்லைக்கு மேல் விடுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எனக்கு மாதம் ஒரு கடிதம் வரும். மேலே கொட்டை எழுத்தில் "இது பில் அல்ல" என்று போட்டிருக்கும். கீழே மருத்துவமனை கேட்ட தொகை, காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொண்ட தொகை, நான் கட்ட வேண்டியிருக்கலாம் என்ற தொகை என்று மூன்று வரிசை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. கணக்குப் பாடத்தில் மோசமில்லாத நான் அந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்து பலமுறை தோற்றிருக்கிறேன். பில் தனியாக, இன்னொரு தொகையோடு, ஆறு வாரம் கழித்து வரும். இந்த ஏற்பாட்டை யாரும் நேசிப்பதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அரசே காப்பீடு என்ற திட்டத்தைப் பற்றி மருத்துவக் கொள்கையை ஆராயும் கைசர் அறக்கட்டளை 2019இல் கேட்டபோது 56 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இதனால் தனியார் காப்பீடு ஒழிந்துவிடும் என்று ஒரு வரி சேர்த்ததும் ஆதரவு 37க்கு இறங்கிவிட்டது. மெய்ன்காரர் துப்பாக்கி இரவல் பற்றிச் சொன்னதும் இதே இறக்கம்தான். கையில் இருப்பது ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கீழே வைக்கச் சொல்லாதே.

இந்த இரண்டு விவகாரங்களையும் தனித்தனியாகப் பேசுவது நம் வசதிக்குத்தான். ஒபாமாகேர் சட்டத்துக்குள்ளேயே துப்பாக்கி பற்றி ஒரு பிரிவு இருக்கிறது தெரியுமா? காப்பீட்டு நிறுவனங்களின் ஆரோக்கியத் திட்டங்கள் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று விவரம் கேட்கக் கூடாது, அதை வைத்துப் பிரீமியம் ஏற்றக் கூடாது. புகைபிடிக்கிறாயா என்று கேட்கலாம், பிரீமியத்தை ஏற்றவும் செய்யலாம்! ஃபுளோரிடா ஒரு படி மேலே போனது. நோயாளியிடம் துப்பாக்கி பற்றி மருத்துவர் விசாரிப்பதையே 2011இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2017இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. விவேக் மூர்த்தி, கர்நாடகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, துப்பாக்கியும் ஒரு மருத்துவப் பிரச்சினைதான் என்று 2012இல் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிக்காக, தலைமை மருத்துவ அதிகாரிப் பதவிக்கான அவரது நியமனம் செனட்டில் ஓராண்டுக்கு மேல் கிடந்தது. 2024 ஜூனில், இரண்டாம் முறை அந்தப் பதவியில் இருந்தபோது, துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அவர் அறிவித்தார். அடுத்த அரசு வந்ததும் அந்த அறிக்கை அரசு இணையதளத்திலிருந்து காணாமல் போனது.

மருத்துவர்கள் ஏன் இதில் தலையிடுகிறார்கள் என்று கேட்பவர்கள் சாவுக் கணக்கைப் பார்க்கட்டும். 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். நமக்குச் செய்தியாக வருவது பள்ளியும் கடைத்தெருவும். மூடிய அறைக்குள், சொந்தத் துப்பாக்கியால் போகிறவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் ஆண்கள். ஆனால் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்று நம்பியவர்கள் காலப் (Gallup) நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டுக் கணிப்பில் 35 சதவீதம். 2014இல் 63 சதவீதம். 1959இல் கைத்துப்பாக்கியைப் போலீஸும் அதிகாரம் பெற்றவர்களும் தவிர வேறு யாரும் வைத்திருக்கவே கூடாது என்று 60 சதவீதம் அமெரிக்கர்கள் சொன்னார்கள் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அமெரிக்கர்களின் ரத்தத்திலேயே துப்பாக்கி ஊறியிருக்கிறது என்று எழுதுகிற நம் ஊர்ப் பத்தி எழுத்தாளர்கள் இந்த ஒரு எண்ணையாவது குறித்துவைத்துக்கொள்ளலாம். பிறப்புக் குணமாக இருந்தால் 60 எங்கிருந்து வந்தது? அச்சத்தை விற்றார்கள், வாங்கினார்கள்.

மெய்ன் பிறகு மாறியது. என்ன விலை கொடுத்து மாறியது என்பதுதான் கொடுமை. 2023 அக்டோபர் 25 இரவு லூயிஸ்டன் நகரில், ஒரு பௌலிங் அரங்கிலும் ஒரு மதுக்கூடத்திலும் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனின் மனநிலை சரியில்லை என்று குடும்பத்தார் மாதக்கணக்கில் முன்பே ஷெரீஃப் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜாரெட் கோல்டன், தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை அதுவரை எதிர்த்தவர், மறுநாளே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். மாநில அவை துப்பாக்கி வாங்க 72 மணிநேரக் காத்திருப்பைக் கொண்டுவந்தது. ஆபத்தானவர் என்று குடும்பத்தாரே நீதிமன்றத்தில் முறையிட்டு ஒருவரின் துப்பாக்கியை எடுத்துவைக்கச் செய்யும் சட்டத்தை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் மக்களே நிறைவேற்றினார்கள். இந்த முறை பயனாளிகளுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. எல்லாம் கல்லறையில் இருந்தன.

2024 டிசம்பர் 4 அன்று மான்ஹாட்டனில், யுனைட்டெட் ஹெல்த்கேர் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரையன் தாம்சன் நடைபாதையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இரண்டு விவகாரங்களும் ஒரே தோட்டாவில் வந்து சேர்ந்தன. சில நாட்களில் எமர்சன் கல்லூரி எடுத்த கணிப்பில், 30 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் அந்தக் கொலையை ஏற்றுக்கொள்ளத்தக்கது என்றார்கள். எனக்கும் அந்தக் காப்பீட்டுக் கடிதங்கள் வருகின்றன, கோபம் புரிகிறது. ஒரு மனிதனை முதுகில் சுட்டதற்குக் கைதட்டுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இவர்களில் எத்தனை பேர் 2024 தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கம் போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

2025 அக்டோபர் தொடங்கி 43 நாட்கள் மத்திய அரசு முடங்கிக் கிடந்ததும் காப்பீட்டுப் பிரச்சினையால்தான். ஒபாமாகேர் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அரசு தரும் கூடுதல் மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று கணிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சொன்னார்கள், குடியரசுக் கட்சியினரிலும் பாதிக்கு மேல். நீட்டிக்காமலே டிசம்பர் 31 கடந்துபோனது. கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டார்களே, உன் வாதம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பிடுங்கியது கணிப்பில் தெரியாது, ஜனவரி பில்லில்தான் தெரியும். அந்த பில்லோடு வாக்களிக்கப் போகிறவர்களை 2026 நவம்பரில் இரு கட்சிகளும் எண்ணிப் பார்க்கும். துப்பாக்கியைப் பற்றி அன்று எந்த வேட்பாளராவது முதல் பத்து நிமிடத்துக்குள் பேசினால் ஆச்சரியப்படுவேன்.