பாலென்சியாகா: எல்லாம் கைக்குழியில் இருக்கிறது

பாரிஸில் பெயர் வாங்கிய ஸ்பானிய உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டோபல் பாலென்சியாகாவைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இரண்டாவது பத்திக்குள் ‘துணியில் சிலை வடித்தவர்’ என்று வந்துவிடுகிறது. புகைப்படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1967-ல் அவர் செய்த கல்யாண கவுனைப் பாருங்கள், தலையிலிருந்து தரைவரை நாலைந்து கோடுகள்தான். ஆனால் சிலை மூச்சு விடாது, கையைத் தூக்காது, காரில் ஏறி உட்காராது. அவருடைய வாடிக்கையாளர்கள் இத்தனையும் செய்தார்கள், உடை இடம் மாறவில்லை. அவரைச் சிற்பி என்று தூக்கி வைத்தால் அவருடைய தொழில் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். மனிதர் தையல்காரர்.

1895-ல் ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் கெட்டாரியா என்ற மீனவ ஊரில் பிறந்தார். அப்பா கடலோடி, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மார்ட்டினா எய்சாகிர்ரே தைத்துத்தான் வீட்டை நடத்தினார். கோடைக்கு அங்கே வந்து தங்கும் காசா டோரெஸ் சீமாட்டியின் குடும்பம் அவரிடம் துணி கொடுத்தது. அந்தச் சீமாட்டியின் ஆதரவு பையனுக்கும் கிடைத்தது. 12 வயதில் சான் செபாஸ்டியனில் தையற்கடையில் தொழில் கற்கச் சேர்ந்தவர், 1917-ல் அதே ஊரில் சொந்தக் கடை போட்டார். 1930-களில் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் கிளைகள் வந்தன. அம்மாவின் குடும்பப் பெயரைச் சுருக்கி ‘எய்சா’ என்று வைத்தார். உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் கலைத்துப் போட, பாரிஸுக்குப் போய் 1937 ஆகஸ்டில் ஜார்ஜ் சாங்க் அவென்யூ 10-ஆம் எண்ணில் முதல் தொகுப்பைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 42. பாரிஸ் அவரைப் ‘புதியவர்’ என்று பார்த்தது. வெட்டுமேசையில் அதற்குள் முப்பது வருடம் போயிருந்தது.

இந்த முப்பது வருடம் முக்கியம். பாரிஸில் பல பெயர்கள் படம் வரைந்து கீழே அனுப்பும், பணிக்கூடம் அதை உடையாக்கிக் கொடுக்கும். இவர் வெட்டுவார், ஆளின் மேல் வைத்துப் பொருத்துவார், தானே உட்கார்ந்து தைப்பார். முடிந்த ஜாக்கெட்டின் கையைப் பிடித்துப் பிரித்துப் போடும் பழக்கம் அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதை மேதையின் கிறுக்குத்தனம் என்று சுவையாகச் சொல்கிறார்கள். உடைக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கம்பளி ஜாக்கெட்டில் கைத்துண்டின் தலைப்பகுதிச் சுற்றளவு கைக்குழியின் (உடம்புத் துண்டில் கையை இணைக்கும் வளையத்தின்) சுற்றளவைவிட 3 முதல் 4 செ.மீ. கூடுதலாக இருக்கும். அந்த மிச்சத்தை மடிப்பு விழாமல், நீராவியும் விரலும் வைத்து உள்ளுக்குள் கரைக்க வேண்டும். தோளின் உச்சியில் கொஞ்சம், அதற்கு முன்னும் பின்னும் அதிகம், அக்குளுக்குக் கீழே சுத்தமாக இல்லை. சமமாகப் பங்கு வைத்தால் அக்குளில் சுருக்கம் விழும், மேலே தட்டையாகிவிடும். அடுத்தது கோணம். யாருடைய கையும் நேராகத் தொங்குவதில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் தொங்கும். கைத்துண்டை அதற்கேற்பத் திருப்பி வைக்காவிட்டால் முன்பக்கமோ பின்பக்கமோ குறுக்காக ஒரு இழுப்பு தெரியும். அரை செ.மீ. திருப்பினால் போய்விடும். அந்த அரை செ.மீ.க்காக முழுக் கையையும் பிரித்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது.

கைக்குழியின் ஆழத்தில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வசதியாக இருக்கட்டும் என்று குழியை இறக்கி வெட்டுவார்கள். நடப்பது நேர்மாறு. குழி தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது முழு ஜாக்கெட்டும் கூடவே எழும்பும். குழி அக்குளை ஒட்டி உயரத்தில் இருந்தால் கை மட்டும் நகரும், உடம்புப் பகுதி அப்படியே நிற்கும். பாலென்சியாகாவின் கோட்டு வெளியே எவ்வளவு தளர்வாகத் தெரிந்தாலும் கைக்குழி உயரத்திலேயே நிற்கும். கையின் நீளத்தை மணிக்கட்டுக்கு மேலேயே நிறுத்துவார், காலரைக் கழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பார். நகைக்கும் கையுறைக்கும் இடம் கிடைத்தது. கூடவே, உடம்பு எப்படி இருந்தாலும் கழுத்தும் மணிக்கட்டும் மெலிந்து தெரிந்தன. அவரிடம் வந்தவர்களில் நிறையப் பேர் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1947 பிப்ரவரியில் பாரிஸின் இன்னொரு வடிவமைப்பாளர் டியோர் இடுப்பை இறுக்கி, இடுப்பின் பக்கங்களில் பஞ்சு வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அது உடம்பைத் திருத்துகிற உடை. பாலென்சியாகா எதிர்த்திசையில் நடந்தார். 1951-ல் முன்பக்கம் உடம்போடு ஒட்டி, முதுகுப்பக்கம் விலகி நிற்கும் சூட், 1955-ல் டியூனிக் என்ற நீள மேலுடை, 1957-ல் சாக்கு உடை. சாக்கு என்ற பெயரே கேலிதான். பார்க்க எளிது என்று எல்லாரும் நகலெடுத்தார்கள், பெரும்பாலும் சொதப்பினார்கள். காரணம் இதுதான். இடுப்பில் பிடிமானம் இல்லாத உடை தோளிலிருந்தும் தோள்பட்டை எலும்பிலிருந்தும்தான் தொங்க வேண்டும். அந்த எலும்பின் மேட்டுக்குத் துணி கொடுக்க கழுத்திலோ தோள் தையலிலோ ஒரு சின்ன டார்ட் (துணியைக் கூராகப் பிடித்துத் தைத்த மடிப்பு) ஒளிந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நேர்க்குழாயாக வெட்டினால் பின்விளிம்பு மேலேறி வால் மாதிரி துருத்தும். கீழே முழங்காலை நோக்கிக் குறுகும் அளவும் தப்பினால் மிஞ்சுவது நிஜமாகவே சாக்குதான்.

1958-ன் பேபி டால் உடையும் இதே ரகம். வெளியே காற்றில் மிதக்கும் லேஸ், உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய பட்டு உடை. வெளி உடைக்குக் கிடைத்த சுதந்திரம் உள் உடையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 2017-ல் அவருடைய சில உடைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. உள்ளே வடிவத்தைத் தாங்கும் விறைப்பான எலும்புப்பட்டிகளும், துணி நகராமல் இருக்க மறைத்து வைத்த சிறு எடைகளும் தெரிந்தன. எல்லா உடையிலும் இவை இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம், பல உடைகள் வெறும் வெட்டினாலேயே நின்றன.

துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சூரிச்சின் ஆபிரகாம் நிறுவனத்தில் குஸ்டாவ் ட்ஸும்ஸ்டெக்குடன் சேர்ந்து 1958-ல் உருவாக்கிய பட்டுதான் கசார். நன்றாக முறுக்கிய நூலில் நெய்தது, எடை குறைவு, ஆனால் மடித்த இடத்தில் அப்படியே நிற்கும். அதன் குணமே அதன் சிக்கல். கம்பளியைப் போல நீராவியில் சுருங்கித் தராது. மேலே சொன்ன 3 செ.மீ. மிச்சத்தை இதில் கரைக்கவே முடியாது. அதனால் தனிக் கை வைப்பதை விட்டு, கையை உடம்புத் துண்டோடு சேர்த்தே வெட்ட வேண்டியிருக்கிறது. அப்படி வெட்டினால் கையைத் தூக்க இடம் வேண்டும், அதற்கு அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு. அதன் மூலையில் தையல் விடுப்பு (தையலுக்கு வெளியே விடும் துணி) ஒன்றுமில்லாமல் போகும், முதலில் கிழிவதும் அங்கேதான். மெல்லிய பட்டுத்துணி ஒன்றை அடியில் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். தையலைப் பிரித்தால் ஊசித்துளையும் அழியாது. ஆகவே காடாத் துணியில் முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க முடியும். 1961-ல் ஒற்றைத் தையலில் கோட்டு செய்த மனிதருக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்திருக்கலாம்.

அவர் பேட்டி கொடுக்காததை வைத்து நிறையப் புராணம் உண்டு. 1950-களின் பிற்பாதியில் அவரும் சக வடிவமைப்பாளர் ஜிவான்ஷியும், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே பத்திரிகைகளுக்குத் தொகுப்பைக் காட்டினார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. படம் முதலில் வெளியானால் பணம் கொடுத்து வாங்கியவரின் கைக்குச் சரக்கு வருவதற்குள் நகல் கடைக்கு வந்துவிடும்.

1968-ல் கடையை மூடினார். பாரிஸில் மே மாத மாணவர் கலவரம், காலம் மாறியது, இளைஞர்கள் குட்டைப் பாவாடைக்குப் போனார்கள் என்று காரணம் சொல்வது வழக்கம். அவரிடம் பத்து வருடம் கற்ற கூரேஜும், ஆறு வருடம் கற்ற உங்காரோவும்தான் அந்த இளைஞர்களுக்குத் தைத்தார்கள் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். எனக்குக் காரணம் அளவெடுப்பில்தான் தெரிகிறது. காலம் போனது ஆயத்த ஆடைக்கு, அதில் 38, 40, 42 என்று எண்கள்தான். தோள் சாய்வு, முதுகின் வளைவு, கை தொங்கும் கோணம் எதுவும் அந்த எண்ணுக்குள் வராது. கடைசியாக ஏர் பிரான்ஸ் விமானப் பணிப்பெண்களுக்குச் சீருடை வடிவமைத்தார். வாழ்நாள் முழுக்க ஒவ்வொருவருக்கும் தனியாகக் கை வைத்தவர், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஒரே கைக்குழியை வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1972 மார்ச்சில் இறந்தார், கெட்டாரியாவிலேயே அடக்கம் செய்தார்கள். 2011 முதல் அங்கே அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. போகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்த பிறகு, முடிந்தால் பொம்மையின் பின்னால் போய் அந்தத் தோள் டார்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.