தேலிஸ் சொன்னதை நமக்குச் சொன்னவர் யார்?

பண்டைக் கிரேக்கச் சிந்தனையாளர், மிலீட்டஸ் நகரத்து தேலிஸ் "எல்லாம் நீர்தான்" என்றார், அன்றோடு புராணம் ஒழிந்து பகுத்தறிவு பிறந்தது. கிரேக்கத் தத்துவ அறிமுகங்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. இதை உறுதியான வரலாறாகச் சொல்லிக்கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

தேலிஸ் எழுதியதாக ஒரு வரிகூட நம் கையில் இல்லை. நீர் பற்றிய செய்தி அரிஸ்டாட்டில் வழியாக வருகிறது. இருவருக்கும் நடுவே சுமார் இருநூறு ஆண்டுகள். தேலிஸ் ஏன் அப்படி நினைத்தார் என்று விளக்கும்போது அரிஸ்டாட்டிலே "ஒருவேளை" என்றுதான் சொல்கிறார். நாம் அந்த "ஒருவேளை"யைத் தூக்கி எறிந்துவிட்டோம். எல்லாவற்றிலும் தெய்வங்கள் நிறைந்திருக்கின்றன என்று தேலிஸ் எண்ணியதாகவும் அதே அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அது அறிமுகங்களில் அவ்வளவாக வருவதில்லை.

ஒரு பொருளை அதன் மூலப்பொருள், வடிவம், அதை உண்டாக்கியது, அதன் நோக்கம் ஆகிய நான்கு காரணங்களால் விளக்க வேண்டும் என்ற தன் கொள்கை அரிஸ்டாட்டிலுக்கு முக்கியம். தனக்கு முந்தைய தத்துவவாதிகள் அதை நோக்கித் தட்டுத் தடுமாறி நடந்தவர்களாக அவருக்குத் தெரிந்தார்கள். 1935இல் அமெரிக்க அறிஞர் ஹரால்ட் செர்னிஸ் இந்தப் பார்வையைக் கடுமையாக விமர்சித்தார். அவர் அளவுக்குப் போக வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆனால் அரிஸ்டாட்டிலை நடுநிலையான செய்தியாளராக எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகு எளிதாக இல்லை.

தேலிஸுக்கு அடுத்து வந்த மிலீட்டஸ் சிந்தனையாளர் அனாக்சிமாண்டரின் கதை இன்னும் வியப்பானது. பொருள்கள் ஒன்றுக்கொன்று இழைத்த அநீதிக்குக் காலத்தின் ஒழுங்குப்படி தண்டம் செலுத்துகின்றன என்ற அவருடைய வாக்கியம் மட்டும் தப்பியிருக்கிறது. அதையும் காப்பாற்றிக் கொடுத்தவர் கி.பி. 6ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து! அதில் அனாக்சிமாண்டரின் சொந்தச் சொற்கள் எங்கே தொடங்குகின்றன என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். இன்னொரு பழைய தத்துவவாதியான பார்மெனிடிஸின் கவிதையிலிருந்தும் இதே சிம்ப்ளிசியஸ்தான் நீண்ட பகுதிகளை எடுத்து எழுதிவைத்தார். நூல் அரிதாகிவிட்டது என்று காரணமும் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஜெர்மன் அறிஞர் ஹெர்மான் டீல்ஸ் 1903இல் இந்த ஆரம்பகாலத் தத்துவவாதிகளின் சிதறல்களைத் தொகுத்து, பிறர் தந்த தகவலையும் நேரடி மேற்கோளையும் தனித்தனியாகப் பிரித்தார். மகத்தான உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் மேற்கோள்களை அவற்றைத் தாங்கி வந்த நூல்களிலிருந்து வெட்டி எடுத்துப் படிக்கும் பழக்கமும் அதோடு வந்தது. யார், எந்த வாதத்துக்காக மேற்கோள் காட்டினார் என்று பார்க்காமல் அந்த வரிக்கு எப்படிப் பொருள் சொல்வது?

மாற்றத்தைப் பற்றிப் பேசியவராக அறியப்படும் ஹெராக்ளிட்டஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது" என்பது பிளேட்டோ அவர் கருத்தாகத் தருவது. அவர் சொற்களுக்கு மிக நெருக்கமானது என்று பலர் கருதும் வரியோ, அதே ஆறுகளில் இறங்குபவர்கள்மேல் வேறு வேறு நீர் பாய்கிறது என்கிறது. இங்கே ஆறு அதே ஆறாக இருக்கிறது, மாறுவது நீர். எல்லாமே மாறுகிறது என்பதைவிட ஆழமான சிந்தனை இது.

அப்புறம் கவிதையில் தத்துவம் எழுதிய எம்பிடோக்ளிஸ். இயற்கை பற்றி ஒரு கவிதை, பாவமும் பரிகாரமும் பற்றி இன்னொன்று என்று அவரை அறிவியலாளராகவும் மதவாதியாகவும் பலர் பிரித்து வைத்திருந்தார்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நூலகத்தில் கிடந்த, அவர் வரிகள் கொண்ட பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகள் 1999இல் வெளியாயின. புலால் உண்ட குற்றத்துக்காகப் புலம்பும் வரிகள் அங்கே இயற்கை பற்றிய வரிகளோடு சேர்ந்தே வருகின்றன. இரண்டு கவிதைகளா ஒன்றா என்ற வழக்கு முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு அக்கறைகளும் அவருக்குள் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை என்பதை இனி மறுப்பது கடினம்.