சிம்மக்கல்லில் வீடு, ஒத்தக்கடையில் காலி மனை

கம்ப்யூட்டர்ல ஃபைலெல்லாம் வைக்கிற 512 ஜிபி எஸ்எஸ்டிய இன்னும் எதுக்குய்யா சீ, டீன்னு துண்டு போடுறீங்க? மதுரையில சிஸ்டம் அசெம்பிள் பண்ணி வாங்குனா, கேக்காமலே சீ டிரைவுக்கு 100 ஜிபி, மிச்சமெல்லாம் டீ டிரைவுக்கு. ரெண்டே வருசத்துல சீ செவந்து மூச்சு வாங்கும், டீ ஈயோட்டும்.

கேட்டா, "விண்டோஸ் போனாலும் டேட்டா தப்பிச்சிரும்ணே"ம்பாங்க. எங்க தப்பிக்குது? டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூணும் இருக்குறதே சீயில. சித்திரைத் திருவிழா வீடியோவ ஜனங்க டெஸ்க்டாப்புலதான் போடுறாங்க. எஸ்எஸ்டியே செத்தா ரெண்டு டிரைவும் ஒண்ணாத்தான் சாகும்.

சரி, சீயப் பெருசாக்கலாம்னு, விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டீய ஷ்ரிங்க் பண்ணி (சுருக்கி) 100 ஜிபி எடுத்தாச்சு. சீயில ரைட் கிளிக் பண்ணா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய் நிக்குது! ஏன்னா காலியிடம் சீக்கு வலப்பக்கம் ஒட்டி இருக்கணும். ஷ்ரிங்க் பண்ணா டீயோட வால்லதான் இடம் வெட்டித் தருவான். மதுரைக்கு நடுவுல இருக்குற சிம்மக்கல் வீட்டுக்கு ஒரு ரூம் இழுக்கணும்னா ஊருக்கு வெளிய இருக்குற ஒத்தக்கடை மனை என்னத்துக்கு ஆகும்? போதாக்குறைக்கு சீக்கும் டீக்கும் நடுவுல, விண்டோஸ் படுத்துட்டா சரிபண்றதுக்கான ரெக்கவரி பார்ட்டிஷன் வேற, முட்டுச்சுவர் மாதிரி.

வழி இருக்கு. டீய வேற ஹார்டு டிஸ்க்குக்கு முழுசா காப்பி எடுங்க, ரெண்டு ஃபைலத் திறந்தும் பாருங்க. டிஸ்க்கப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தா ரெக்கவரி கீய எழுதிவச்சுட்டு சஸ்பெண்ட் பண்ணுங்க. ரெக்கவரிய நிறுத்த, அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல ரீஏஜென்ட்சி /டிசேபிள் (reagentc /disable) அடிங்க. அப்புறம் டீய டெலீட் பண்ணுங்க. ரெக்கவரிய டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது, அதே கமாண்ட் பிராம்ப்ட்ல டிஸ்க்பார்ட் (diskpart) திறந்து, அந்த பார்ட்டிஷன செலக்ட் பண்ணி 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' (delete partition override) அடிக்கணும். பார்ட்டிஷன் நம்பர மாத்தி அடிச்சா சோலி முடிஞ்சது, ரெண்டு தடவ பாருங்க. இப்ப எக்ஸ்டெண்ட் வேலை செய்யும். கடைசியா ரெக்கவரியத் திரும்ப ஆன் பண்ண ரீஏஜென்ட்சி /எனேபிள் (reagentc /enable).

"அழிக்காமலே நகட்டித் தர்றோம்"னு சாஃப்ட்வேர்கள் இருக்கு, செய்யவும் செய்யும். ஆனா டீயோட தொடக்கத்தத் தள்ளணும்னா உள்ள இருக்குற டேட்டாவையும் தூக்கி வைக்கணும். பாதியில கரண்டு போனா? யூபிஎஸ் இல்லாம, அதுவும் மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்துற நாளு, கை வச்சிராதீங்க.

அவசரமா சீயில இடம் வேணும்னா, அதே அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off) போடுங்க. 16 ஜிபி ராம்னா சுமார் 6 ஜிபி திரும்பி வரும். ஹைபர்னேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும், போகட்டும்.

அடுத்து விண்டோஸ் போடக் குடுக்கும்போது கடைக்காரரு கையி மவுஸுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க: "அண்ணே, பிரிக்காதீங்க."