வாக்கர்ல போட்டா குழந்தை சீக்கிரம் நடக்குமா?

"ஆறு மாசத்துலயே வாக்கர்ல உக்கார வைங்க, கால் பலமாகி பத்து மாசத்துல ஓடும்"னு ஒரு வாட்ஸப் ஃபார்வேர்டு சுத்திட்டு இருக்கு. இது தப்புங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க.

வாக்கர்ல இருக்குற குழந்தைய கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. முழு பாதமும் தரையில படாது, கட்டைவிரல் நுனியால உந்தி உந்தி தள்ளும், உடம்பு பாரத்த அந்த சீட்டுதான் தாங்குது, முன்னாடி தட்டு மறைக்கிறதால தன் கால் எங்க போகுதுன்னே அதுக்கு தெரியாது. நடக்கிறதுக்கு கால் பலம் மட்டும் போதாது, இடுப்பு, முதுகு, பேலன்ஸ் எல்லாம் சேந்து வரணும், அதெல்லாம் தரையில குப்புற விழுந்து தவழ்ந்து, கட்டில் கால பிடிச்சு எந்திரிச்சு, தொப்புனு உக்காந்துதான் வரும். வாக்கர்ல இருக்குற நேரம் பூரா அந்தப் பழக்கம் போயிடுது, அதனால நடை தள்ளிப்போகவும் வாய்ப்பு இருக்கு.

படிக்கட்டுல வாக்கரோட உருண்டு தலையில அடிபடுறதுதான் இன்னும் பயம். கனடாவுல 2004லயே இத விக்கவே தடை போட்டுட்டாங்க.

நம்ம மர நடைவண்டி வேற, அதுல குழந்தை தானே நின்னு தன் பாரத்த தானே தாங்கி தள்ளுது. நிக்கப் பழகின பிறகு, பக்கத்துல ஆள் இருந்தா குடுக்கலாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாசத்துல நடந்துச்சேன்னு கவலைப்படாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி தனியா நடக்குறது சுமார் 8 மாசத்துலேர்ந்து 17 மாசம் தாண்டி வரைக்கும் எப்ப வேணா வரலாம். 18 மாசமாகியும் நடக்கலன்னா குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.