ரேஞ்ச் கிடக்கட்டும், முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" சென்னைக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அது கடைசிக் கேள்வி. உங்கள் பார்க்கிங்குக்கும் ஈபி மீட்டருக்கும் எத்தனை மீட்டர் தூரம் என்பதுதான் முதல் கேள்வி.

16 ஆம்ப் பிளக்கில் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரத்தில் 26 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவது போக, சின்ன எஸ்யூவி டவுனுக்குள் 150 கிலோமீட்டர் ஓட அது போதும். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர்) தண்டச் செலவு.

கோளாறு வருவது வயரிங்கில். அடுக்குமாடிகளில் மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங் வரை 50 மீட்டர் சர்வசாதாரணம். அந்தத் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போட்டால் 16 ஆம்பில் 12 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். கிட்டத்தட்ட 190 வாட் வெறும் சூடாகப் போகும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இறக்கம் 5 வோல்ட்தான். பிளக் விஷயமும் அப்படித்தான். கீசர் அரை மணியில் நின்றுவிடும், கார் விடிய விடிய ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டில் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் உருகும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி 20 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். ஆர்சிசிபியை, டிசி துடிப்பு கலந்த கசிவையும் பிடிக்கும் 'டைப் ஏ' என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் சும்மா எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஏசி கசிவை மட்டும் பிடிக்கும் 'டைப் ஏசி'. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். அதற்காக எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போடும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிட்டவே வரக்கூடாது.

கரண்ட் பில்லையும் கணக்கில் சேருங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 320 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை இருந்த மலிவு விலையும் போய்விடும். கடைசி யூனிட்டுகள் பத்து ரூபாயை ஒட்டி விழும். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது. பெட்ரோலுக்கு ஆறேழு ரூபாய். வீட்டில் பிளக் இல்லாமல் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட் இருபது ரூபாய்க்கு மேல். லாபத்தில் கணிசமான பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

'வாடகை எலக்ட்ரிக் காரும் டாக்சியும் போதும், இனி யாரும் சொந்தக் கார் வாங்கமாட்டார்கள்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரிஸில் 2011-இல் தொடங்கிய ஆட்டோலிப் என்ற வாடகை எலக்ட்ரிக் கார் சேவை நஷ்டத்தில் 2018-இல் மூடப்பட்டது. டெல்லியிலும் பெங்களூருவிலும் ஓடிய புளூஸ்மார்ட் டாக்சி 2025 ஏப்ரலில் புக்கிங்கை நிறுத்தியது. இரண்டையும் கவிழ்த்தது காரல்ல, பணம். ஆனாலும் நாள் முழுக்க ஓடும் டாக்சிக்குத்தான் பேட்டரிக் கார் சீக்கிரம் கட்டுப்படியாகும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மாறினால் மிஞ்சுவது மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். புதுக் காரின் ஈஎம்ஐயில் கால் பங்குக்குக்கூட அது காணாது.